சேலம் டு ராசிபுரம்... வழி: மாடர்ன் தியேட்டர்ஸ்

சேலத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து யாராவது வந்தால் முதலில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்பார்கள். கை கழுவுவதற்குள் ஏற்காடு ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போய் ஒரு வளைவைக் காட்டுவார்கள். வெறும் வளைவுதான். உள்ளே அரண்மனையும் கிடையாது, கோயிலும் கிடையாது, வீடுகளும் கடைகளும்தான். 'இதுக்கா இவ்வளவு தூரம்?' என்று விருந்தாளி முழிக்கும்போது, சேலத்துக்காரர் நிதானமாகச் சொல்வார்: "இந்த கேட்டுக்குள்ள மூணு முதலமைச்சருங்க வேலை பாத்திருக்காங்க சார்!"

பொய்யில்லை. டி.ஆர். சுந்தரம் 1930-களில் ஆரம்பித்த மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. 1950-ல் வந்த 'மந்திரி குமாரி'க்கு வசனம் கருணாநிதி, கதாநாயகன் எம்.ஜி.ஆர். அதற்கு மூன்று வருஷம் முன்னால் வந்த 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி'யில் கதாநாயகி வி.என். ஜானகி. மூன்று பேரும் பிற்பாடு கோட்டைக்குப் போனார்கள். (ஜானகி அம்மாள் 1988 ஜனவரியில் சில வாரம்தான் இருந்தார். அதனால் என்ன? கணக்கு கணக்குதான். நான் பி.காம்.)

நாமக்கல்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? எம்.ஜி.ஆர். நடித்து, கருணாநிதி வசனம் எழுதி 1954-ல் வந்த 'மலைக்கள்ளன்' யார் கதை என்று கேட்பார்கள். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவல். 1997 ஜனவரி 1-ல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் தனியாகப் பிரிந்தபோது பஸ், லாரி, கோழி எல்லாவற்றையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இந்தப் பெருமையை மட்டும் இரண்டு பக்கமும் பங்கு போடாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நிற்க. நான் சொல்ல வந்தது எங்கள் அப்புச்சியைப் பற்றி. அம்மாவைப் பெற்ற தாத்தாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பாட்டி அம்மாயி. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் கிராமம். 2025 டிசம்பர் கடைசியில் அங்கேயிருந்து அம்மா போன் செய்தார். "உங்க அப்புச்சி சோறு சாப்பிட மாட்டேங்கறாரு. டி.வி.யில 97 லட்சம் பேரு பேரை எடுத்துட்டாங்கன்னு ஓடுது. அதுல நானும் ஒருத்தனான்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நீ வந்து லிஸ்ட்டைப் பாத்துச் சொல்லு."

அந்த மாதம் 19-ம் தேதி வரைவு வாக்காளர் பட்டியல் வந்திருந்தது. தீவிரத் திருத்தம் செய்ததில், இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய 97 லட்சம் பெயர்கள் பட்டியலில் இல்லை. 'போனிலேயே பார்க்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். போனில் வருவது அப்புச்சிக்குச் செல்லாது. ஆள் நேரில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சேலம் புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினேன்.

எங்கள் ஊர் பிரைவேட் பஸ்ஸில் நீங்கள் போயிருக்க வேண்டும். டிரைவர் தலைக்கு மேலே டி.வி., நாலு மூலையிலும் ஸ்பீக்கர், நடுவில் நாம். பாட்டு பெரும்பாலும் 80-களின் இளையராஜாதான். அந்தப் பாட்டுகள் வந்தபோது நான் பிறந்திருக்கவே இல்லை. (1989. ஓட்டுப் போடும் வயதை 21-லிருந்து 18-க்குக் குறைத்தார்களே, அதே வருஷம்.) ஆனாலும் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். காலேஜ் பையன் ஒருவன் தோளைத் தட்டினான். "அங்கிள், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அங்கிள்!

இந்த வழித்தடத்தில் நான் 'தம்பி'யாக ஏறியிருக்கிறேன். அப்புறம் 'அண்ணா' ஆனேன். வேலைக்குப் போனதும் 'சார்'. முப்பத்தாறு வயதில் அங்கிள் என்பது கொஞ்சம் சீக்கிரப் பதவி உயர்வு. அரியர்ஸும் கிடையாது.

வயதாவது கண்ணாடியில் தெரிவதற்கு முன்னால் சினிமாச் செய்தியில் தெரிந்துவிடுகிறது. பதினைந்து வயதில், யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள் என்று படித்தேன். இருபத்தைந்தில், யார் படம் எத்தனை கோடி என்று படித்தேன். இப்போதெல்லாம் ஒரு நடிகர் படம் டி.வி.யில் பெரிதாக வந்தாலே நெஞ்சு திக்கென்கிறது. ஆஸ்பத்திரியா என்று கீழே ஓடும் வரியைத்தான் பார்க்கிறேன். 2020 செப்டம்பரில் எஸ்.பி.பி. 2021 ஏப்ரலில் விவேக்; அப்போது தேர்தல் மை கூட எங்கள் விரலில் அழியவில்லை. 2023 டிசம்பரில் விஜயகாந்த். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் அந்தக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மழையில் கிழிந்து தொங்கும்வரை நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போகவில்லை.

கணக்குப் பதிவியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மெஷின் வாங்கினால் வருஷத்துக்கு 15 சதவிகிதம் கழிக்க வேண்டும். நமக்கும் அப்படித்தான், முடி, பல், முட்டி என்று வருஷா வருஷம் கழிகிறது. நட்சத்திரங்களுக்கு மட்டும் நாம் தேய்மானம் எழுதுவதே இல்லை. குட்வில் என்ற தலைப்பில் அப்படியே முழு மதிப்பில் வைத்திருக்கிறோம். அதனால்தான் அவர்கள் போகும்போது மொத்தத்தையும் ஒரே நாளில் எழுதித் தள்ள வேண்டியிருக்கிறது.

பஸ் மல்லூர் தாண்டியது. சேர்வராயன் மலை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ரோட்டோரம் குச்சிக்கிழங்குக் காடு. சேகோ பேக்டரி களத்தில் ஜவ்வரிசி வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. வெளியூர் நண்பன் ஒருவன் முதல் தடவை பார்த்துவிட்டு 'உப்பளமா?' என்று கேட்டான். கடல் எங்கே, ராசிபுரம் எங்கே!

இடது கைப் பக்கம் போதமலை. இந்த மலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேலே கீழூர், மேலூர், கெடமலை என்று ஊர்கள் இருக்கின்றன. ரோடு போடும் வேலையே அண்மை வருஷங்களில்தான் ஆரம்பித்தது. அதுவரை தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் பெட்டியைத் தலைச்சுமையாகத்தான் கொண்டு போவார்கள். பெட்டி போய் மெஷின் வந்தது, மெஷினும் தலைச்சுமைதான். காட்டு வழியில் மணிக்கணக்காக நடந்து மேலே போய், அந்தச் சனங்கள் ஓட்டுப் போட்டு, மறுபடி நடந்து இறங்க வேண்டும். அதே நாளில் டி.வி.யைப் போட்டால் என்ன காட்டுவார்கள்? எந்த நடிகர் எத்தனை மணிக்கு வந்தார், என்ன கலர் சட்டை, வரிசையில் நின்றாரா. 2021-ல் விஜய் சைக்கிளில் போய் ஓட்டுப் போட்டதை அன்றைக்குப் பூராவும் காட்டினார்கள். சைக்கிள் ஓட்டியது செய்திதான், ஒப்புக்கொள்கிறேன். மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறவர்களுக்கும் ஒரு நிமிஷம் ஒதுக்கியிருக்கலாம்.

எங்கள் சுற்று வட்டாரத்துக்குத் தேர்தல் என்றாலே கொஞ்சம் அதிகப்படிதான். பக்கத்து ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில் 1996-ல் 1,033 பேர் நின்றார்கள். தங்கள் குறையைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கூட்டமாக மனுச் செய்தார்கள். தேர்தலையே தள்ளி வைத்து, புத்தகம் மாதிரி ஓட்டுச்சீட்டு அடித்தார்கள். இப்போதைய மெஷினில் ஒரு யூனிட்டுக்கு 16 பட்டன். நோட்டாவையும் சேர்த்தால் 65 யூனிட் வேண்டும். ஆனால் 24-க்கு மேல் சேர்க்க முடியாது. மறுபடி புத்தகம்தான்! அந்தத் தேர்தலுக்குப் பிறகு டெபாசிட்டைச் சட்டமன்றத்துக்கு 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். அதற்கும் அசராதவர் எங்கள் மேட்டூர் பத்மராஜன். டயர் பஞ்சர் கடை வைத்திருந்தவர், 1988-லிருந்து நின்று 2024-க்குள் 230 தடவைக்கு மேல் தோற்றவர். அதிகபட்சமாக வாங்கியது 2011-ல் மேட்டூரில் 6,273 ஓட்டு. தோற்பதற்காகவே நிற்கிறேன் என்று சொல்கிற வேட்பாளரை வேறு எங்கே பார்க்க முடியும்? லாப நட்டக் கணக்கில் ஒரு பக்கம் மட்டுமே எழுதி முடித்த மனுஷர்.

அப்புச்சி விஷயத்துக்கு வருகிறேன்.

அப்புச்சி பிறந்தது 1940. பள்ளிக்கூட வாத்தியார் உத்தேசமாகப் போட்ட வருஷம். முதல் ஓட்டு 1962 பொதுத்தேர்தலில். அவர் விரலில் அந்த அழியாத மையை முதன்முதலில் வைத்ததும் அந்தத் தேர்தலில்தான். "மூணு நாளு கையை மண்ணெண்ணெயில ஊற வெச்சுப் பாத்தேன், போவல" என்பார் பெருமையாக. 'மந்திரி குமாரி'யை டென்ட் கொட்டகையில் மணலில் உட்கார்ந்து பார்த்தவர். 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் என்று 1956-ல் வந்தபோது, பதினாறு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் சேலத்துக்கு வந்து பார்த்தவர். அம்மாயியும் அதே படங்களைப் பார்த்தவர்தான். ஒரே வித்தியாசம்: அப்புச்சி வசனத்தைக் கேட்டார், அம்மாயி கதாநாயகனைப் பார்த்தார்.

கல்யாணமான புதிதில் இது ஒரு பிரச்சினையே இல்லை. வசனமும் கதாநாயகனும் ஒரே கட்சியில் இருந்தார்கள். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டார். கட்சி உடைந்த அதே வாரம் எங்கள் அப்புச்சி வீடும் உடைந்தது. அவர் சூரியன், அந்த அம்மா இலை. சண்டையெல்லாம் கிடையாது. ஓட்டு அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் குளித்து, வெளுத்த துணி கட்டி, ஒன்றாகப் போய், எதிரெதிராகக் குத்திவிட்டு, ஒன்றாக வந்து சாப்பிடுவார்கள். யாருக்குப் போட்டாய் என்று ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை. ஊருக்கே தெரிந்ததை என்ன கேட்பது? 47 வருஷம் இப்படி ஓடியது. பார்ட்டி ஒன்று டெபிட், பார்ட்டி இரண்டு கிரெடிட். பாலன்ஸ் நில்! நான் பி.காம். முதல் வருஷம் சேர்ந்தபோது இரட்டைப் பதிவு முறை எனக்குச் சட்டென்று புரிந்ததற்குக் காரணம் இவர்கள்தான்.

அம்மாயி 2019 ஐப்பசியில் போய்விட்டார்.

பட்டியலிலிருந்து பெயரை எடுக்க அம்மா ஒரு படிவம் வாங்கி எழுதி வைத்தார். அப்புச்சி அதை வாங்கிப் பார்த்தார். "எழுத்துப் பிழை இருக்குது. அப்பறம் குடுக்கலாம்" என்று மடித்து டி.வி.க்கு அடியில் வைத்துவிட்டார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அந்தக் கலர் டி.வி. அந்தத் திட்டம் ஆரம்பித்தது 2006-ல். ஓரமெல்லாம் பச்சை படர்ந்து, எந்த நடிகர் வந்தாலும் மஞ்சள் காமாலை மாதிரி தெரியும். ஆனாலும் மாற்ற விடமாட்டார். படிவம் அதன் அடியிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுக்க அம்மாவை விடவில்லை.

2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம் என்றார்கள். அப்புச்சிக்கு 81. படிவம் கொண்டுவந்தவரிடம் முடியாது என்றுவிட்டார். "ஓட்டுன்னா நாலு பேரு பாக்கப் போயிப் போடறது. திண்ணையில உக்காந்து போட்டா அது ரேஷன் கடைக் கையெழுத்து மாதிரிங்க." அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருசம் என் ஓட்டை அவ அடிச்சுக்கிட்டே இருந்தா கண்ணு. இப்ப ஒத்தையா நிக்குது." ஜெயிக்கிற வருத்தம் என்று ஒன்று இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்று வருஷத்தில் முட்டி தேய்ந்துவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு அவரே கேட்டார். "அந்த வீட்டு ஓட்டுக்கு எழுதிக் குடுத்துரலாமா?" விசாரித்தால், அதற்குள் வயதை 80-லிருந்து 85 ஆக்கியிருந்தார்கள். அவருக்கு 84. "அப்படின்னா மூணு வருசத்துல நான் சின்னவனாயிட்டனா?" என்று சந்தேகமாகக் கேட்டார். ஊருக்கெல்லாம் வயது ஏறுகிறது, எங்கள் அப்புச்சிக்கு மட்டும் இறங்கியது.

ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. சேலத்தில் காலை ஏழு மணிக்கே என் ஓட்டை முடித்துவிட்டுக் கிராமத்துக்குப் போனேன். டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. வீல் சேர் கொண்டுவந்தார்கள்; வேண்டாம் என்றார். உள்ளே அதிகாரி பட்டியலைத் திருப்பி அவர் பெயரைச் சத்தமாக வாசித்து டிக் அடித்தார். வரிசையில் அடுத்த கட்டம் அம்மாயி. சின்ன போட்டோ. அப்புச்சி நகரவில்லை. தலைகீழாகத் தெரிந்த அந்தப் படத்தைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அதிகாரிக்குச் சின்ன வயதுதான். புரிந்ததோ என்னவோ, பட்டியலைத் தூக்காமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, லைன் நிக்குதுங்க."

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். "பட்டனை அமுக்குனா பக்கத்துல ஒரு சீட்டு தெரியுதே, பாத்தியா?"

"ஆமாங்க அப்புச்சி. ஏழு செகண்டு தெரியும்."

"அவ இருக்கும்போது இருந்திருந்தா எட்டிப் பாத்திருப்பா" என்று சிரித்தார். 2019-லேயே அந்த மெஷின் இருந்தது என்று நான் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் நடுவே ஒரு நாளைச் சொல்லாமல் விட முடியாது. 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. என் அக்கா பையனுக்குப் பதினெட்டு வயது, காலேஜ் முதல் வருஷம். விஜய் நாமக்கல்லுக்கு வருகிறார் என்று காலையிலேயே கிளம்பிப் போய்விட்டான். அவர் வரும்போது மதியத்துக்கு மேலாகிவிட்டது. வெயிலில் நின்று, போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்து எனக்கும் அனுப்பினான். பாதி வீடியோ அடுத்தவன் தலைமுடி. அங்கிருந்து அவர் கரூருக்குப் போனார். பையனோடு போன நண்பர்கள் கரூருக்கும் போகலாம் என்றார்களாம். இவன் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதால் வரவில்லை என்று திரும்பிவிட்டான். ராத்திரி டி.வி.யில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. மொத்தம் 41 பேர். குழந்தைகள் உட்பட. போன நண்பர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று தெரிய நள்ளிரவு ஆனது. அக்கா அதுவரை பையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவன் வீட்டில்தான் இருக்கிறான் என்று தெரிந்தும்.

மறுநாள் ஊரில் எல்லோரும் அவனைத் திட்டினார்கள். திட்டாதவர் அப்புச்சி ஒருவர்தான். "புளியமரத்து மேல ஏறி எம்.ஜி.ஆரைப் பாத்தவன் நானு. கெளை முறிஞ்சிருந்தா நீங்க யாருமே இல்ல" என்றார். அப்புறம் எழுந்து டி.வி.யை நிறுத்தினார். அவர் கையால் அது நின்றதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆண்டகளூர் கேட் தாண்டி ராசிபுரம், அங்கிருந்து டவுன் பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது அப்புச்சி திண்ணையில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா பையனும் வந்திருந்தான். நவம்பரில் நடந்ததை அம்மா சமையலறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வீட்டுக்கு வந்த அலுவலர் ஒவ்வொருவர் பெயரிலும் அச்சடித்த படிவம் கொடுத்திருக்கிறார். அம்மாயி பெயரிலும் ஒன்று வந்திருக்கிறது. அப்புச்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அவங்க இல்லீங்க" என்று திருப்பிக் கொடுத்தாராம். அம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவர், பெண்டாட்டியை 'அவங்க' என்று சொல்லி அம்மா கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மேசை மேல் பட்டியல் கிடந்தது. பையன்தான் விரல் வைத்துத் தேடினான். வீட்டு எண் வந்தது.

"இருக்குதுங்க பெரிய அப்புச்சி. உங்க பேரு, வயசு 85, எல்லாம் சரியா இருக்குது."

"சரி. அதுக்குக் கீழ?"

"அதுக்குக் கீழ எங்க அம்மாயி பேருங்க" என்றான், என் அம்மாவைச் சொல்லி.

அப்புச்சி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த வருசம் 86. இனிமே வீட்டுக்கே வருவாங்க. அவங்க வயசை ஏத்தாம இருக்கணும்" என்றார் என்னிடம். பிறகு பையன் பக்கம் திரும்பினார். "உன் பேரு எங்க?"

"இனிமேத்தான் எழுதிக் குடுக்கணுங்க. ஆறாம் நம்பர் படிவம். போட்டோ நல்லா இல்ல, அதான்..."

"என்ன நல்லா இல்ல? இந்தா இருக்குதே மூஞ்சி."

"முடி சரியா இல்லீங்க."

அப்புச்சி அவன் தலையை ஒரு தடவை பார்த்தார். மடியிலிருந்து சீப்பை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. படிவத்தை மட்டும் வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போனதும் டி.வி.க்கு அடியில் வைத்துவிடப் போகிறான் என்று எனக்குச் சந்தேகம். ஆகவே சாயங்கால பஸ்ஸில் அவனையும் ஏற்றிக்கொண்டேன். ராசிபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ ஒன்பது மணி வரை திறந்திருக்கும்.